கோட்டையில் மிதிபடும் கற்கள்

வேலப்பன்சாவடியில் பஸ் ஏறி, பூந்தமல்லி நெடுஞ்சாலை வழியாக எப்போதாவது ஜார்ஜ் கோட்டைக்குப் போவேன். அங்குள்ள புனித மேரி தேவாலயம் 1680-ல் கட்டி முடிந்தது. நாலடி கனச் சுவர். பீரங்கிக் குண்டுக்கும் அசையாத வளைவுக் கூரை.

ஆனால் என்னைக் கேட்டால், வெளியே தரையில் பதித்திருக்கும் கல்லறைக் கற்கள்தான் பெரிய சரித்திரம். முதலில் அவை கோட்டைக்கு வெளியே இடுகாட்டில் இருந்தன. 1758-59 முற்றுகையில் பிரெஞ்சுக்காரர்கள் (எனக்குப் பள்ளிப்பாடம் அவர்கள் பாஷையில்தான்!) அந்தக் கல்லறைகளின் மறைவிலிருந்து சுட்டார்கள். அதனால்தான் ஆங்கிலேயர் பிறகு கற்களைப் பெயர்த்து, தேவாலயத்தைச் சுற்றிப் பதித்தார்கள். 1782-ல் ஐதர் அலி பயத்தில் சிலவற்றைப் பீரங்கி நிறுத்தவும் எடுத்தார்கள்.

இத்தனைக்கும் தப்பிய எழுத்துகளை இன்று செருப்புக்கால்கள் தேய்க்கின்றன. லத்தீன் வரிகளை என் பிரெஞ்சை வைத்துத் தட்டுத்தடுமாறிப் படிக்கிறேன். ஒரு கம்பித் தடுப்பு போட எவ்வளவு ஆகிவிடும்?