சோற்று நேரத்தில் வற்புறுத்தல் வேண்டாம்: தோட்டத்துச் சிறுபிள்ளைகள் பற்றிய எங்கள் நிலைப்பாடு

"புள்ள சாப்பிடவே மாட்டேங்குது." இலங்கையின் ஹாலிஎலயைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில், ஒரு வயது முதல் மூன்று வயது வரையான பிள்ளைகளின் தாய்மாரிடம் நாங்கள் அடிக்கடி கேட்பது இதைத்தான். அதனால் எங்கள் நிலைப்பாட்டை வெளிப்படையாகச் சொல்கிறோம். லயத்து வீட்டிலும், தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விடும் பிள்ளை மடுவத்திலும் எந்தப் பிள்ளைக்கும் வற்புறுத்தி ஊட்டக் கூடாது. கையை மடக்கிப் பிடித்தோ பூச்சாண்டி காட்டியோ ஊட்டிய சோறு அன்றைக்கு உள்ளே போகும். மறுநாள் தட்டைக் கண்டதும் பிள்ளை அழும். என்ன உணவு, எத்தனை மணிக்கு, எங்கே உட்கார்ந்து என்பதைப் பெரியவர்கள் தீர்மானிக்கட்டும். எவ்வளவு என்பதைப் பிள்ளையின் பசி சொல்லும்.

2016 ஆம் ஆண்டின் தேசியக் குடிசன, சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டப் பிள்ளைகளில் 31.7 வீதமானோர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நாடு முழுவதற்கும் அது 17.3 வீதம். இந்த நிலையில் பிள்ளையின் விருப்பத்துக்கு விடுவதா என்று கேட்பவர்களின் பயம் எங்களுக்கும் உண்டு. ஆனால் அந்தப் பிள்ளைக்கு ஏன் பசிக்கவில்லை என்று முதலில் பார்க்க வேண்டும்.

பெரும்பாலும் தேத்தண்ணிதான் காரணம். அம்மா மலைக்குப் போகும் அவசரத்தில் சீனி போட்ட சாயமும் இரண்டு பிஸ்கட்டும் கையில் கிடைத்தால், சின்ன வயிறு அதிலேயே அடங்கிவிடும். பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதையும் தேயிலைச் சாயம் குறைக்கிறது. தேயிலையோடு பிறந்து வளர்ந்த ஊரில் இதைச் சொல்வது எளிதல்ல. இருந்தாலும் சிறுபிள்ளைக்குத் தேத்தண்ணி வேண்டாம், பால் கலந்ததும் வேண்டாம்.

நாளுக்கு மூன்று நான்கு வேளைச் சாப்பாடு, இடையில் ஒரு பழமோ அவித்த கிழங்கோ போதும். சோற்றைத் தண்ணீராகக் கரைக்காமல் பருப்போடு கெட்டியாக மசித்து, ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய், முட்டை அல்லது இடித்த நெத்தலி சேர்க்கலாம். புதிய கறியைத் துப்பினால் சில நாள் கழித்து மறுபடி வையுங்கள்; பத்துத் தடவை வைத்த பிறகு வாங்கிக்கொள்ளும் பிள்ளைகளும் உண்டு. கிளினிக்கில் எடை குறைந்த பிள்ளைக்குக் கொடுக்கும் திரிபோஷா சத்துமா அந்தப் பிள்ளைக்கே உரியது. அது வீட்டில் எல்லோருக்கும் பங்காகிறது என்றால், அந்த வீட்டில் அரிசி இல்லை என்று அர்த்தம். தாயைத் திட்டுவதால் அது தீராது.

திடீரென்று சாப்பாட்டை ஒதுக்கும் பிள்ளையையும், கிளினிக் புத்தகத்தில் எடைக்கோடு ஏறாத பிள்ளையையும் தாமதிக்காமல் குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்ட வேண்டும்.

தோட்ட நிர்வாகங்களிடம் நாங்கள் கேட்பது நேரம். பகலில் கொழுந்தை நிறுத்துவிட்டு, லயத்துக்கு ஓடி, பிள்ளைக்கு ஊட்டி, மறுபடி மலை ஏறும் தாய்க்கு எங்கிருந்து பொறுமை வரும்? கொழுந்து கிலோ குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான் என்ற பயத்தில் அவள் அவசரமாகத் திணிக்கிறாள். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள தாய்மாருக்குப் பேர் வெட்டாமல் பகலில் கூடுதல் நேரம் தர வேண்டும். மடுவத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித் தட்டு வேண்டும். ஓர் ஆயம்மாவிடம் ஒரே நேரத்தில் ஊட்டச் சொல்லும் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைய வேண்டும். பிள்ளை தன் கையாலேயே அள்ளிச் சாப்பிடட்டும். பாதிச் சோறு தரையில் சிந்தும். அதைக் கூட்டித் துடைக்கும் நேரத்தையும் ஆயம்மாவின் வேலை நேரமாகவே கணக்கில் எடுக்க வேண்டும்.