தோட்டப் பள்ளிக்கும் ஒரு தொலைநோக்கி வேண்டும்

நம் பள்ளிகளில் நூலகம் உண்டு, விளையாட்டுக் கருவிகள் உண்டு, கணினிகளும் வந்துவிட்டன. இவற்றோடு சிறியதொரு தொலைநோக்கியும் சேர வேண்டும் என்பது நம் கருத்து.

"வானாராய்ச்சி பணம் படைத்தவர்களின் பொழுதுபோக்கு. பால்வெட்டியும் செம்பனைக் குலை அறுத்தும் பிழைப்பவர்களுக்கு அது எதற்கு?" என்று சிலர் வினவலாம். பட்டணத்தார் எவ்வளவு பணம் கொடுத்தாலும் வாங்க இயலாத ஒன்று தோட்டத்தில் இருக்கிறது. அதுதான் இருள். கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் விளக்குகளின் வெளிச்சம் வானத்தையே வெளுக்கச் செய்து, மங்கிய விண்மீன்களை மறைத்துவிடுகிறது. மரங்கள் சூழ்ந்த தோட்டப் பள்ளியின் திடலிலோ, மேகமற்ற இரவில் அவை தெளிவாகத் தெரிகின்றன. மேலும், நம் நாடு நிலநடுக்கோட்டை அடுத்துள்ளது. ஆதலின் மே மாதத்தில் இரவு ஒன்பது மணியளவில் வடக்கே சப்தரிஷி மண்டலத்தையும் தெற்கே தென்சிலுவையையும் ஒரே வேளையில் நாம் காணலாம். இங்கிலாந்தில் வாழும் சிறுவர்களுக்குத் தென்சிலுவை தெரிவதே இல்லை.

வானம் நமக்குப் புதிதன்று. இருள் பிரியுமுன் பெரட்டுக்குப் புறப்பட்ட நம் பாட்டன் பாட்டிமார் விடிவெள்ளியை நன்கு அறிந்திருந்தனர். கார்த்திகை, ரோகிணி, திருவாதிரை என்னும் பெயர்கள் இன்றும் நம் இல்லங்களில் வழங்குகின்றன. ஆயினும், அவற்றை வானத்தில் சுட்டிக்காட்ட வல்லவர் நம்முள் எத்தனை பேர்? நாட்காட்டியில் படிக்கும் பெயரைத் தலைக்கு மேலுள்ள விண்மீனோடு இணைத்துக் காட்டுவதும் கல்வியே அன்றோ?

இருளில் விரிந்த நம் கண்மணியின் அகலம் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர். முகப்பு வில்லை 70 மில்லிமீட்டர் அகலமுள்ள சிறு தொலைநோக்கி, அதைப்போல் நூறு மடங்கு ஒளியைத் திரட்டித் தருகிறது. வெறுங்கண்ணுக்கு ஆறு மீன்களாகத் தோன்றும் கார்த்திகை, அதன் வழியே பல பத்து மீன்களாகப் பெருகும். வெள்ளி சில காலங்களில் பிறைவடிவில் தோன்றும். சனிக்கோளின் வளையம் தெரியும். அரைமதி நாள்களில் நிலவின் பள்ளங்களும் மலைகளும் நிழலோடு விளங்கும்.

1610 ஆம் ஆண்டு சனவரித் திங்களில் கலிலியோ, ஏறத்தாழ இருபது மடங்கு பெரிதாக்கும் குழலைக் கொண்டு வியாழனின் நான்கு நிலாக்களைக் கண்டார். அவை இரவுக்கிரவு இடம் மாறியதைக் குறித்து வைத்தார். விண்ணிலுள்ள அனைத்தும் பூமியையே சுற்றுகின்றன என்ற பழைய எண்ணம் அதனால் ஆட்டங்கண்டது. அதே நான்கு நிலாக்களை நம் நான்காம் ஆண்டு மாணவனும் காணலாம், குறிப்பேட்டில் வரையலாம். பிறர் சொல்லக் கேட்டு நம்புவது வேறு. தானே கண்டு தெளிவது வேறு. தேர்வுத் தாளில் இதற்குப் புள்ளிகள் இல்லாமற் போகலாம். ஆனால், கண்டு தெளியும் பழக்கம் பெற்ற பிள்ளையை எவரும் எளிதில் ஏமாற்ற இயலாது.

ஒரு குடும்பத்திற்குப் பளுவாகும் செலவு, பெற்றோர் ஆசிரியர் சங்கமும் முன்னாள் மாணவர்களும் பகிர்ந்துகொண்டால் பளுவாகாது. வாங்கும்போது, பெட்டியின்மேல் "500 மடங்கு" என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டா. 70 மில்லிமீட்டர் வில்லை 140 மடங்குக்கு மேல் தெளிவாகக் காட்டாது. வில்லையின் அகலத்தையும் முக்காலியின் உறுதியையுமே பார்க்க வேண்டும். நம் நாட்டின் ஈரக்காற்றில் வில்லையில் பூசணம் பிடிக்குமாதலால், உலர்ந்த இடத்தில் வைத்துக் காப்பது இன்றியமையாதது. அனைத்திற்கும் மேலாக, தொலைநோக்கியை ஒருபோதும் சூரியனை நோக்கித் திருப்பலாகாது. நொடிப்பொழுதில் கண்பார்வை கெடும். ஆகவே ஆசிரியர் ஒருவர் உடனிருந்தே தீர வேண்டும்.

பெற்றோர்களே! மாதத்தில் ஓர் இரவு, வளர்பிறை அரைமதி நாளில், பிள்ளைகளைப் பள்ளித் திடலுக்கு அழைத்து வாருங்கள். நாள் முழுதும் உழைத்துக் களைத்த நீங்களும் வரிசையில் நின்று ஒருமுறை பாருங்கள். பிள்ளை கேட்கும் கேள்விக்கு விடை தெரியாவிடினும் குற்றமில்லை. அவனோடு சேர்ந்து நூலில் தேடலாம். வரும் ஆண்டில் நம் பள்ளிகள் இம்முயற்சியைத் தொடங்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.