மருவும் மருந்தும்

இராமேஸ்வரக் கரையின் மணல்வெளியில் எருக்கஞ்செடியைக் காணாதார் இலர். மரு எழும்பிய இடத்தில் அதன் பாலைத் தடவுதல், சுண்ணாம்பு இடுதல், அம்மான்பச்சரிசிப் பாலைப் பூசுதல் ஆகியன நம்மவர் நெடுநாளாய்க் கையாளும் முறைகளாம். வைத்தீஸ்வரன் கோயிலில் உப்பும் மிளகும் காணிக்கையிடுவோரும் உளர்.

இவற்றால் மரு உதிர்ந்தது என்பாரைப் பொய்யர் என்று நாம் கூறோம். ஆயினும் உதிர்ந்ததன் காரணம் யாது? மரு, வைரஸ் என்னும் நுண்கிருமியால் தொற்றுவது. நுண்ணிய வடிகட்டியில் வடித்த மருச்சாறும் மருவை உண்டாக்கும் என இத்தாலிய வைத்தியர் சூஃபோ 1907-இல் காட்டினார். பிள்ளைகளுக்கு வரும் மருக்களிற் பெரும்பாலானவை இரண்டாண்டுகளுக்குள் தாமே மறைகின்றன. மறையும் தறுவாயில் எதை இட்டாலும் அது பலித்ததாகவே தோன்றும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது போலாம்.

இயற்கைப் பொருளாதலின் தீங்கில்லை என்பது பெரும்பிழை. எருக்கம்பால் கண்ணிற் பட்டால் கருவிழி ஊறுபட்டுப் பார்வை மங்கும். சுண்ணாம்பு தோலைப் புண்ணாக்கும். நீரிழிவுடையார் காலில் அப்புண் எளிதில் ஆறாது.

மரபு மருந்து யாவும் வீண் என்பதன்று நம் கருத்து. வில்லோ மரப்பட்டை ஆராய்ச்சியினின்று தோன்றிய சாலிசிலிக் அமிலம், பல சோதனைகளில் தேறியே இன்று மருவுக்குரிய முதன்மை மருந்துகளுள் ஒன்றாய் விளங்குகிறது. நம் மூலிகைகளும் அவ்வாறே சோதிக்கப்படுதல் வேண்டும்.

மாணவ அன்பர்களே! விடுமுறையில் ஊர் செல்லுங்கால், தம்பி தங்கையர் கையில் எருக்கம்பாலைக் கண்டால் தடுமின்; பொறுத்திருக்கச் சொல்லுமின். குருதி கசியும் மருவையும் விரைந்து வளரும் மருவையும் மருத்துவரிடம் காட்டுவிமின். கற்ற கல்வி வீட்டிற்குப் பயன்படும் வழி இதுவேயாம்.