‘ஊருக்கு இது போதும்’ என்போருக்கு

மலிவு விலை மாதிரிப் புகையிரத இயந்திரங்களைப் பற்றி நம்மவரிடையே இரண்டு தீர்ப்புகள் வழங்கப்பட்டு வருகின்றன. ஒன்று, ‘விலை குறைந்ததென்றாலே குப்பை’ என்பது. மற்றையது, ‘ஊருக்கு இது போதும்’ என்பது. முதலாவதைச் சொல்பவர் இலண்டனிலோ ரொறன்ரோவிலோ கண்ணாடிப் பேழைக்குள் இயந்திரங்களை அடுக்கி வைத்திருக்கும் சேகரிப்பாளர். இரண்டாவதைச் சொல்பவர் வேலணைக்கோ நெடுந்தீவுக்கோ வரும்போது, பயணப்பெட்டியின் மூலையில் மருமகனுக்கென ஒரு புகையிரதத்தைச் செருகிக்கொண்டு வரும் உறவினர். இருவரும் எதிரெதிராகப் பேசுவதுபோலத் தோன்றலாம். ஆனால் இருவருமே பொருளைப் பார்க்கவில்லை. விலைச்சீட்டை மட்டுமே பார்த்திருக்கிறார்கள்.

தீவகத்துக்குப் புகையிரதம் ஒருநாளும் வந்ததில்லை. 1905இல் காங்கேசன்துறைப் பாதை நிறைவெய்தியபோதும் பண்ணைக் கடலுக்கு இப்பால் ஒரு தண்டவாளமும் இடப்படவில்லை. 1990இல் யாழ்ப்பாணத்துக்கான சேவையே நின்றுபோனது. அது மீண்டு வந்தது 2014 ஒக்ரோபரில். இடைப்பட்ட 24 ஆண்டுகளில் இங்கு வளர்ந்த பிள்ளைகளுட் பலர் புகையிரதத்தைப் படத்தில் மட்டுமே கண்டவர்கள். இத்தகைய மண்ணில் ஒரு சிறுவனின் கைக்கு வரும் மாதிரி இயந்திரம் வெறும் விளையாட்டுப் பண்டமன்று. மின்னோட்டம், பற்சக்கரம், உராய்வு ஆகியவற்றை அவன் விரலால் தொட்டறியும் முதற்பாடநூல் அது. அது மூன்றாம் நாளே நின்றுபோய், திறக்கவும் முடியாததாயின், பழுதான இயந்திரம் எறிவதற்கே உரியது என்பதுதான் அவன் கற்கும் பாடம்.

முதலில் கண்ணாடிப் பேழைக்காரருக்கு ஒரு வார்த்தை. அவர் தறையாணிகளை எண்ணுகிறார். கைப்பிடிக் கம்பி தனியாகப் பொருத்தப்பட்டதா, உடலோடு சேர்த்து வார்க்கப்பட்டதா என்று பூதக்கண்ணாடி பிடிக்கிறார். எல்லாம் அசலைப்போலவே இருக்கவேண்டுமாம். நல்லது. பிரித்தானியாவில் பெருவழக்கான ‘ஓஓ’ அளவுத்திட்டத்தில் ஓர் அடிக்கு 4 மில்லிமீற்றர். ஏறத்தாழ 76இல் ஒரு பங்கு. அக்கணக்கின்படி 1435 மி.மீ. அகலமான பிரித்தானியப் பாதை 18.83 மி.மீ. ஆக வேண்டும். விற்கப்படும் தண்டவாளத்தின் அகலமோ 16.5 மி.மீ. இலங்கையின் 1676 மி.மீ. அகலப் பாதைக்கு 22 மி.மீ. வேண்டும். விலை உயர்ந்த இயந்திரமும் மலிவான இயந்திரமும் ஓடுவது இந்தத் தவறான பாதையில்தான். சில்லுகளுக்கிடையே இவ்வளவு பெரிய பொய்யைப் பொறுத்துக்கொண்டவர், கைப்பிடிக் கம்பியில் வந்து சத்தியம் பேசுவது வேடிக்கை.

நுணுக்கமான வேலைப்பாட்டின் அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் மலிவான பொருளை மதிப்பிடுபவர் கேட்கவேண்டிய கேள்வி வேறு: செலவை எங்கே குறைத்தார்கள்? ஹோர்ன்பி நிறுவனத்தின் ‘ரெயில்ரோட்’ வரிசை போன்றவற்றில் பழைய அச்சுகளைப் பயன்படுத்துவார்கள். நுண்ணிய உறுப்புகளைக் குறைப்பார்கள். அது நேர்மையான சிக்கனம். வாங்குபவர் கண்ணாற் கண்டே வாங்குகிறார். சில்லிலும் பற்சக்கரத்திலும் எடையிலும் குறைத்துவிட்டு, மேலே பளபளவென்று வர்ணம் பூசுவது வஞ்சகம்.

நான் கலைப் பட்டதாரி, பொறியியல் படித்தவனல்லன். ஆயினும் தலைப்பின் அழகைக் கண்டு செய்தியை நம்பலாகாது என்று பத்திரிகைத் தொழில் எனக்குக் கற்பித்திருக்கிறது. அதே பார்வையோடு எவரும் செய்யக்கூடிய சோதனைகள் சில உண்டு.

இவ்வியந்திரங்கள் பெரும்பாலும் 12 வோல்ற்று நேரோட்டத்தில் ஓடுபவை. விசைத்திருகியை மெல்ல மெல்லத் திருப்புங்கள். நல்ல இயந்திரம் எறும்புபோல ஊர்ந்து புறப்படும். மட்டமானது அசையாமல் நின்று, பின் திடீரெனப் பாயும். அடுத்து, தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். எத்தனை சில்லுகள் தண்டவாளத்திலிருந்து மின்னை எடுக்கின்றன? இரண்டே சில்லுகள் எடுக்குமாயின், ஒரு துளி அழுக்குப் போதும், வண்டி நின்றுவிடும். மூன்றாவது, எடை. இலேசான உடலை ஈடுசெய்யச் சில்லுக்கு இறப்பர் வளையம் மாட்டியிருப்பார்கள். வெப்பத்தில் அது நாளடைவில் தளர்ந்து வெடிக்கும். வளையம் மாட்டிய சில்லு மின்னையும் எடுக்காது. நான்காவதே தலையாயது: உடல் திருகாணியால் பூட்டப்பட்டதா, பசையால் ஒட்டப்பட்டதா? காபன் தூரிகையும் பற்சக்கரமும் தனியே வாங்கக் கிடைக்குமா?

தண்டவாளத்தையும் மறக்கவேண்டாம். உப்புக்காற்று வீசும் நம் தீவுகளில் உருக்குத் தண்டவாளம் விரைவில் துருப்பிடிக்கும். ‘நிக்கல் சில்வர்’ எனப்படும் கலப்புலோகமே இங்கு ஏற்றது. பெயரில் வெள்ளி இருந்தாலும் அதில் வெள்ளி இல்லை. செம்பும் நிக்கலும் நாகமும்தான்.

அசல் இயந்திரங்களும் இதைத்தான் சொல்கின்றன. கொழும்புத் திட்டத்தின் கீழ் 1954இல் கனடா வழங்கிய எம்2 வகை டீசல் இயந்திரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்ராறியோ, அல்பேட்டா என்று கனடிய மாகாணங்களின் பெயர் தாங்கியவை. பெட்டிமேல் பெட்டி வைத்தாற்போன்ற தோற்றம்; அழகுப்போட்டியில் தேறமாட்டா. ஆனால் அவற்றின் 12 உருளைகளில் பழுதான ஒன்றை மட்டும் தனியே கழற்றி மாற்றலாம். 70 ஆண்டுகள் கடந்தும் அவ்வகையிற் சில ஓடுவதற்குப் பராமரித்த தொழிலாளரின் கைத்திறன் ஒரு காரணம். அந்தக் கைக்கு இடம்கொடுத்த வடிவமைப்பு மறு காரணம்.

இனி, ‘ஊருக்கு இது போதும்’ என்பவருக்கு. ஐயா, உங்கள் கணக்குத் தலைகீழானது. இலண்டனில் வாங்கியது பழுதானால் கடையில் திருப்பிக் கொடுக்கலாம். திருத்துபவரும் உதிரிப்பாகமும் அங்கேயே கிடைக்கும். குறிகட்டுவானில் படகேறி நயினாதீவு போய்ச்சேர்ந்த இயந்திரம் பழுதானால் யாரிடம் கொண்டுபோவது? வசதி குறைந்த இடத்துக்கு உறுதி கூடிய பொருள் வேண்டும் என்பது தீவகத்தவருக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. படகு வாங்கும்போது அவர்கள் வர்ணத்தைப் பார்ப்பதில்லை. ஏராவையும் பலகைப் பொருத்தையும் தட்டிப் பார்க்கிறார்கள். நாங்கள் சிறுவர்களாய் நுங்குக் கோம்பைகளைத் தடியிற் கோத்து வண்டில் ஓட்டிய காலத்திலும், நேராக உருள்வதே நல்ல வண்டில். அதற்கு நாங்கள் ஒரு சதமும் கொடுத்ததில்லை. ஆனால் கோணலாக உருண்டதை எவனும் ‘இது போதும்’ என்று ஏற்றுக்கொண்டதுமில்லை.

மலிவானதையே வாங்கி வாருங்கள். அதில் வெட்கம் எதுவுமில்லை. கடையிலேயே ஓடவிட்டுப் பாருங்கள். வர்ணம் மங்கலாயிருந்தால் மன்னியுங்கள். பற்சக்கரம் இரைந்தால் மன்னிக்காதீர்கள். கூடவே ஒரு சிறிய திருகாணிச் சாவி, ஒரு சோடி காபன் தூரிகை, ஒரு குப்பி எண்ணெய் வைத்து அனுப்புங்கள். மிச்சத்தை அந்தப் பிள்ளை பார்த்துக்கொள்வான்.