கொதிநீர்ச் சட்டியும் டெட்டோல் துணியும் போதாது

“ஊசியைக் கொதிநீரில் போட்டெடுத்து டெட்டோலால் துடைத்தால் போதும். ஒட்டோகிளேவ் எல்லாம் கொழும்புக் கடைகளின் பகட்டு. இத்தனை வருடமாக இந்தக் கரையில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.” கற்பிட்டிப் பக்கம் பச்சை குத்தும் பொடியன்களுக்காகப் பரிந்து பேசும் ஒருவர் இப்படிச் சொல்லித் திரிகிறார். சுகாதாரத்தின் பெயரைச் சொல்லி ஏழைத் தொழிலாளியின் வயிற்றில் அடிக்கிறார்களாம். அவர் சொல்வதில் வரிக்கு வரி பிழை. அந்தப் பிழை இன்னொருவரின் ஈரலில் போய் முடியும் என்பதால் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

“ஒன்றும் ஆகவில்லை” என்பதை யார் பார்த்தது? மே தொடக்கம் ஒக்டோபர் வரை காற்றுக்காலத்தில் கைட் சேர்ஃபிங்குக்கு வருகிறவர்கள் கண்டக்குளியிலும் ஆலங்குடாவிலும் ஒன்றிரண்டு கிழமை தங்குகிறார்கள், கையில் ஒரு படத்தைக் குத்திக்கொண்டு விமானம் ஏறிவிடுகிறார்கள். ஹெபடைட்டிஸ் பி உடம்பில் வெளிப்படுவதற்கு ஆறு கிழமை முதல் ஆறு மாதம் வரை எடுக்கும். ஹெபடைட்டிஸ் சி அதைவிட மோசம். பெரும்பாலானவர்களுக்கு இருபது, முப்பது வருடம் ஒரு குறியும் காட்டாமல் ஈரலை அரிக்கும். உள்ளூர்க்காரருக்குக் கண் மஞ்சளித்தால் செங்கமாரி என்று கீழ்காய்நெல்லி அரைத்துக் குடிக்கிறார். மூன்று மாதத்துக்கு முன் யாரிடம் பச்சை குத்தினீர் என்று யாராவது அவரைக் கேட்டார்களா? தேடாததால் கிடைக்காமல் போனதை இல்லாததாக்கி வாதாடுகிறார் இவர்.

திருவிழாக் காலத்தில் பாட்டிமார் விளக்குக்கரி தொட்டுக் குத்தவில்லையா என்றும் கேட்கிறார். குத்தினார்கள். ஹெபடைட்டிஸ் பி கிருமியின் தடயம் முதன்முதல் அகப்பட்டதே 1960களில்தான். ஹெபடைட்டிஸ் சி அடையாளம் காணப்பட்டது 1989இல். பெயரும் பரிசோதனையும் இல்லாத காலத்தில் யாருக்கு என்ன வந்தது என்று பாட்டிமாருக்கும் தெரியாது, அவர்களைச் சாட்சிக்கு இழுப்பவருக்கும் தெரியாது.

கொதிநீருக்கு வருவோம். நன்றாகக் கழுவிய ஊசியை இருபது நிமிடம் விடாமல் கொதிக்கவைத்தால் பெரும்பாலான வைரசுகள் சாகும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஏற்புநோய்க் கிருமியின் வித்துகள் 100 பாகையைத் தாங்கும். ஆள் காத்திருக்கும்போது இருபது நிமிடம் யார் கொதிக்கவைக்கிறார்கள்? இந்தக் கேள்விக்கு எகிப்து ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டது. அங்கே பில்ஹார்சியா நோயை ஒழிக்க 1950களிலிருந்து 1980களின் தொடக்கம் வரை ஊர் ஊராக நரம்பூசி போட்டார்கள். கண்ணாடிச் சிரிஞ்சுகளைச் சரியாகக் கிருமி நீக்காமல் ஒருவர் மாற்றி ஒருவருக்குப் பயன்படுத்தினார்கள். அது அரசு நடத்திய வைத்தியம், நல்ல நோக்கம். விளைவு, 2008இல் எடுத்த கணக்கின்படி 15 முதல் 59 வயது வரையானவர்களில் ஏறக்குறைய நூற்றுக்குப் பதினைந்து பேரின் இரத்தத்தில் ஹெபடைட்டிஸ் சி தொற்றிய அடையாளம். ஊசி போட்டுக்கொண்ட அன்று அவர்களுக்கும் “ஒன்றும் ஆகவில்லை”.

“ஊசியைத்தான் புதிதாக மாற்றுகிறோமே” என்பது அடுத்த சமாதானம். ஊசி மட்டுமா இரத்தம் படுகிற இடம்? மிசினின் கைப்பிடிக் குழாயைக் கழற்றி, குளிர்ந்த நீரில் பிடித்து, மெல்லிய தூரிகையை உள்ளே விட்டு இழுத்துப் பாருங்கள். வெளியே பளபளக்கும் அந்த உருக்குக் குழாயின் வாயிலிருந்து மையும் இரத்தமும் கலந்த கருஞ்சிவப்புச் சளி வடியும். உடனே கொதிநீரில் போட்டால் அந்த இரத்தம் வெந்து உள்சுவரில் ஒட்டிக்கொள்ளும், கிருமி அதற்குள் பத்திரமாக இருக்கும். அதனால்தான் முதலில் குளிர்நீரில் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவ வேண்டும், பிறகுதான் வெப்பம். காய்ந்த இரத்தத்தில் ஹெபடைட்டிஸ் பி வைரசு ஏழு நாளாவது உயிரோடு இருக்கும். கையுறையோடு தொட்ட தண்ணீர்ப் போத்தல், மிசினின் வயர், விளக்கின் கைப்பிடி எல்லாமே அடுத்த ஆளுக்குப் போகும் வழிகள். ஒவ்வொரு ஆளுக்கும் இவற்றைப் புதிய பிளாஸ்டிக் உறையால் மூட வேண்டும்.

டெட்டோல் வித்துகளைக் கொல்லாது. நீல விளக்கு எரியும் பெட்டியை ‘ஸ்டெரிலைசர்’ என்று காட்டுகிறார்களே, அந்த ஒளி குழாயின் உட்புறத்தை எட்டவே எட்டாது. கிருமி நீக்கம் என்றால் சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தல் அழுத்தத்தில், 121 பாகை நீராவியில், உறையிட்ட சாமானை ஒட்டோகிளேவுக்குள் 30 நிமிடம் வைப்பது. உறையை ஈரத்தோடு வெளியே எடுத்தால் அதுவும் வீண், ஈரக் காகிதம் வழியாகக் கிருமி உள்ளே போய்விடும். கற்பிட்டியின் உப்புக்காற்றில் திறந்த தட்டில் கிடக்கும் உறையை நம்பவே கூடாது. கிணற்று நீரை ஒட்டோகிளேவில் ஊற்றுவதும் தப்பு. நம் மணற்கிணற்று நீர் அதற்குள் படிவு கட்டும், உருக்கை அரிக்கும். காய்ச்சி வடித்த நீர்தான் வேண்டும்.

அந்த நீரையும் மையில் கலக்கக் கூடாது. 2011இன் கடைசியில் அமெரிக்காவின் ரொச்செஸ்டர் நகரில் 19 பேருக்குப் பச்சை குத்திய இடத்தில் தோல்தொற்று வந்தது. ஊசியில் குறை இல்லை. கிருமி மைக்குள்ளேயே இருந்தது. அந்த மையை இளக்கியிருந்தது காய்ச்சி வடித்த, ஆனால் கிருமி நீக்காத நீரால். கிணற்று நீரால் மையை இளக்குவதில் என்ன பிழை என்று கேட்கிறவருக்கு இதற்கு மேல் என்ன சொல்ல?

இனிச் செலவு. ஒட்டோகிளேவ் வாங்க வசதியில்லையா, வாங்க வேண்டாம். தொழிற்சாலையிலேயே கிருமி நீக்கி, உறையிட்டு, காலாவதித் திகதி அச்சிட்டு வரும் ஊசி, குழாய், மைக்கிண்ணம் எல்லாவற்றையும் ஒரு தடவை பயன்படுத்தி எறிந்துவிடலாம். உறையை ஆளின் கண்முன்னே பிரிக்க வேண்டும், மிஞ்சிய மையைப் போத்தலில் திரும்ப ஊற்றக் கூடாது. அந்தச் செலவைக் கூலியில் சேர்த்தால் காலில் பாய்மரப் படம் குத்த வருகிற ஜெர்மன்காரர் மறுக்கப்போவதில்லை. அழுத்த நீராவி பணக்காரர் சாமானும் அல்ல. 1980களில் மின்சாரமில்லாத கிராமங்களில் தடுப்பூசி போட்டவர்கள் பிரெஷர் குக்கர் போன்ற பாத்திரங்களை அடுப்பில் வைத்துத்தான் சிரிஞ்சுகளைக் கிருமி நீக்கினார்கள்.

தொழிலாளியின் பக்கம் நிற்பதாகச் சொல்லும் இவர், அந்தத் தொழிலாளியின் விரலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வெறுங்கையால் ஊசியைக் கழற்றுகிற பொடியனுக்குத்தான் முதல் ஆபத்து. தடுப்பூசி போடாதவருக்கு, ஹெபடைட்டிஸ் பி உள்ளவரின் இரத்தம் பட்ட ஊசி ஒரு தடவை குத்தினாலே நூற்றுக்கு ஆறு முதல் முப்பது வரை தொற்ற வாய்ப்பு உண்டு. இலங்கையில் குழந்தைகளுக்கு அந்தத் தடுப்பூசி போடத் தொடங்கியது 2003இல்தான். அதற்கு முன் பிறந்தவர்களில் பெரும்பாலானோருக்கு அது கிடைத்திருக்காது. களப்புக் கரைச் சேற்றில் எறியப்படும் ஊசி, வலை இழுக்க வெறுங்காலோடு இறங்குகிறவரின் உள்ளங்காலுக்குப் போகிறது. பயன்படுத்திய ஊசிகளைக் கெட்டியான பிளாஸ்டிக் பெட்டியில் சேர்த்து, எங்கே ஒப்படைப்பது என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்க வேண்டும்.

உண்மையிலேயே அக்கறை இருந்தால் அந்தப் பொடியன்களைக் கூட்டிக்கொண்டு போய் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் தடுப்பூசி பற்றி விசாரிக்கட்டும். மூன்று தடவை போட வேண்டும். முதலாவதிலிருந்து ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறு மாதத்தில் மூன்றாவது. அடுத்த மே மாதக் காற்றுக்கு முன் மூன்றும் முடிய வேண்டுமென்றால் ஒக்டோபருக்குள் முதல் ஊசி போட்டாக வேண்டும்.