விளையாட்டு வாத்தியார்

சென்ற மாதம் என் நண்பர் ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தேன். நண்பர் படித்தவர், பாங்கியில் உத்தியோகம். அவர் மனைவியும் வேலைக்குப் போகிறவர். ஏழு வயதில் ஒரு பையன். நான் போன சமயம் பையன் சோபாவின் மூலையில் சுருண்டு உட்கார்ந்து, மடியிலிருந்த டேப்லட்டை விரலால் குத்திக்கொண்டிருந்தான். நான் வந்ததை அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை. என் நாவலைப் படிக்கிறவர்கள் வாசலில் யார் வந்தாலும் நிமிர்ந்து பார்க்கக் கூடாது என்றுதான் நானும் ஆசைப்படுகிறேன்.

சங்கடமெல்லாம் நண்பருக்குத்தான். "வெறும் விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள் சார். இது வொகாபுலரி கேம். வருஷச் சந்தா கட்டியிருக்கிறேன். தினம் இருபது புதுச் சொல்!" என்றார். பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்தது மிட்டாய் அல்ல, கஷாயம்தான் என்று நிரூபிக்கும் அவசரம் அவர் குரலில் இருந்தது.

பையன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். திரையில் 'எனார்மஸ்' என்று ஒரு சொல். கீழே நான்கு படங்கள்: எலி, பூனை, ஆடு, யானை. பையன் யானையைத் தொட்டான். மணி அடித்தது, வானத்திலிருந்து ஒரு நட்சத்திரம் விழுந்தது. உடனே அடுத்த சொல். கால்மணி நேரத்தில் நாற்பது நட்சத்திரங்கள் சேர்ந்துவிட்டன.

அந்த வேளையில் பாட்டி சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"என்னடா கண்ணா பண்றே?"

"கேம்."

"என்ன கேம்?"

"வேர்ட் கேம்."

"அதுல என்ன பண்ணணும்?"

"டேப் பண்ணணும்."

பாட்டி சற்று நேரம் நின்று பார்த்தார். மேற்கொண்டு ஒன்றும் வராது என்று தெரிந்ததும் உள்ளே போய்விட்டார். நாற்பது நட்சத்திரம் சம்பாதித்த பையனிடம் பாட்டிக்குக் கொடுக்க ஐந்து சொற்கள்தாம் இருந்தன. அதிலும் ஒன்று இரண்டு தடவை வந்தது.

அந்த ஐந்து சொற்களை முன்னிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வீடியோ விளையாட்டின் மீது எனக்குப் பகை இல்லை. நாவல் படித்தால் பெண்கள் கெட்டுப்போவார்கள், சினிமா பார்த்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று பெரியவர்கள் தலையில் அடித்துக்கொண்ட காலம் ஒன்று உண்டு. கதை எழுதிப் பிழைக்கிற நான் அந்தப் பெரியவர்களின் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டால், என் ஜாதியார் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். விளையாடட்டும். நன்றாக விளையாடட்டும். என் சண்டை விளையாட்டோடு அல்ல. அதற்கு வாத்தியார் வேலை போட்டுக் கொடுத்துவிட்டு அறையைவிட்டு வெளியேறுகிறோமே, அதோடுதான்.

எதிர்க்கட்சி வாதத்தையும் நியாயமாகவே எடுத்து வைக்கிறேன். ஜேம்ஸ் பால் ஜீ என்ற அமெரிக்க மொழியியல் அறிஞர் 2003இல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். விளையாட்டோடு தருகிற விளக்க ஏட்டை முதலில் படித்தால் ஒன்றும் விளங்குவதில்லை. சில மணி நேரம் விளையாடிவிட்டுப் படித்தால் அதே ஏடு கண்ணாடிபோல விளங்குகிறது என்பது அவர் கண்ட அனுபவம். சொல்லுக்கு அர்த்தம் அகராதியில் இல்லை, செய்கையில் இருக்கிறது என்பது அதன் சாரம். இதை நான் மறுக்கவில்லை. 'மைன்கிராஃப்ட்' என்று ஒரு விளையாட்டு 2011 முதல் உலகத்துக் குழந்தைகளையெல்லாம் பிடித்து ஆட்டிக்கொண்டிருக்கிறது. அதை ஆடுகிற எட்டு வயதுப் பிள்ளைக்கு 'அப்ஸிடியன்' என்றால் எரிமலைக் குழம்பு குளிர்ந்து உண்டாகிற கறுப்புக் கல் என்று தெரிந்திருக்கிறது. எனக்கு அந்தச் சொல் கல்லூரியில்கூடத் தெரியாது. யாரும் அதை அவனுக்குப் பாடமாக வைக்கவில்லை. வேறோர் உலகத்துக்குப் போகிற வாசலைக் கட்ட அவனுக்கு அந்தக் கல் வேண்டியிருந்தது; ஆகவே சொல் வந்து சேர்ந்தது.

கவனியுங்கள்: சொல் கற்பிக்க வேண்டும் என்று செய்யப்பட்ட விளையாட்டு அல்ல அது. கற்பிப்பதற்கென்றே சந்தா வாங்குகிற விளையாட்டோ யானையைத் தொடச் சொல்கிறது. முன்னதில் சொல் ஒரு தேவை. பின்னதில் சொல் ஒரு பொத்தான்.

பொத்தானை அழுத்தக் கற்றுக்கொள்வதும் மொழியைக் கற்றுக்கொள்வதும் ஒன்றல்ல என்பதற்கு உலகப் பிரசித்தமான சாட்சி ஒருவர் இருக்கிறார். நியூஸிலாந்தைச் சேர்ந்த நைஜல் ரிச்சர்ட்ஸ். எழுத்துக் கட்டைகளை அடுக்கிச் சொல் கோக்கும் 'ஸ்க்ராபிள்' ஆட்டத்தில் நிகரற்றவர். 2015இல் இவர் பிரெஞ்சு மொழி ஸ்க்ராபிளில் உலகப் பட்டத்தை வென்றார். பிரெஞ்சு அவருக்குப் பேசத் தெரியாது! சில வாரங்களில் பிரெஞ்சுச் சொற்பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டு போய் பிரெஞ்சுக்காரர்களைத் தோற்கடித்துவிட்டு வந்தார். 2024இல் ஸ்பானிய மொழியிலும் அப்படியே செய்தார். அவர் மேதை, கும்பிடுகிறேன். ஆனால் பாரிஸில் ஒரு குழந்தை அழுதால் "ஏன் அழுகிறாய்?" என்று கேட்க அந்தச் சொற்களில் ஒன்றுகூட அவருக்கு உதவாது. சொற்களின் எண்ணிக்கைதான் சொல்வளம் என்றால் பிரெஞ்சு நாட்டில் அவரைவிடப் பணக்காரர் கிடையாது. நம் பிள்ளைகளை நாம் அந்தத் திசையில்தான் அனுப்பிக்கொண்டிருக்கிறோம். அவருடைய மேதை மட்டும்தான் பாக்கி.

இன்னொரு வேடிக்கை. சொல் விளையாட்டுகளில் பேர் பெற்ற இரண்டின் பிறப்பைப் பாருங்கள். 2007இல் ஜான் பிரீன் என்ற அமெரிக்கர், கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த தம் மகனுக்கு உதவ இணையத்தில் ஒரு சொல் விளையாட்டு செய்தார். சரியான பொருளைச் சொன்னால் பசித்தவர்களுக்குப் பத்து மணி அரிசி. 'ஃப்ரீ ரைஸ்' என்று பெயர். 2009இல் அதை ஐ.நா.வின் உலக உணவுத் திட்டத்துக்கே கொடுத்துவிட்டார். இன்னொன்று 'வேர்டில்'. ஜாஷ் வார்டில் என்பவர் தம் துணைவி பாலக் ஷாவுக்காகச் செய்தது. ஆங்கிலத்தில் ஐந்தெழுத்துச் சொற்கள் சுமார் 12,000 இருந்தனவாம். அந்த அம்மாள் உட்கார்ந்து தமக்குத் தெரிந்தவற்றைப் பொறுக்கி ஏறக்குறைய 2,500 ஆகக் குறைத்தார். 2022இல் 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகை அதை விலைக்கு வாங்கியது. உலகமே காலையில் எழுந்து காப்பியோடு ஆடுகிற ஆட்டம், ஒரு வீட்டில் ஒரு மனுஷிக்குத் தெரிந்த சொற்களைக் கொண்டு கட்டியது!

இரண்டும் ஒரு மனிதர் இன்னொரு மனிதருக்காகச் செய்தவை. மகனுக்கு என்ன தெரியவில்லை என்று தகப்பனாருக்குத் தெரிந்திருந்தது. துணைவிக்கு எது பிடிக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நாமோ சந்தா கட்டிவிட்டு, "உனக்கு என்ன தெரியும்?" என்று பிள்ளையைக் கேட்கும் பொறுப்பையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறோம்.

விஞ்ஞானிகளும் இந்தப் பக்கம் பார்த்திருக்கிறார்கள். பட்ரீஷியா கூல் என்ற அறிஞரும் அவருடைய சகாக்களும் 2003இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகள் சிலருக்குச் சீன மொழி பேசுகிறவர்கள் நேரில் வந்து விளையாட்டுக் காட்டிப் பேசினார்கள். வேறு சிலருக்கு அதே பேச்சு தொலைக்காட்சித் திரையில் காட்டப்பட்டது. நேரில் கேட்ட குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறிந்தன. திரையில் கேட்டவை ஒன்றும் கற்கவில்லை. 2010இல் ஜூடி டிலோச் குழுவினர், சொல் கற்பிக்கும் என்று சொல்லி விற்ற ஒரு படத்தட்டை ஒரு வயதைத் தாண்டிய குழந்தைகளுக்கு நான்கு வாரம் காட்டிப் பார்த்தார்கள். அதிகச் சொற்களைக் கற்றவர்கள் யார் தெரியுமா? படமே பார்க்காமல், அன்றாடப் பேச்சில் பெற்றோரிடம் அதே சொற்களைக் கேட்ட குழந்தைகள். அதைவிட ருசியான சங்கதி ஒன்றும் வெளிப்பட்டது: எந்தப் பெற்றோருக்குப் படத்தட்டு ரொம்பப் பிடித்திருந்ததோ, அவர்கள்தாம் பிள்ளை அதிலிருந்து நிறையக் கற்றுவிட்டதாக மிகைப்படுத்தி நினைத்தார்கள். என் பாங்கி நண்பரை யாரோ அமெரிக்காவில் உட்கார்ந்து படம் பிடித்ததுபோல இருக்கிறது!

இவை கைக்குழந்தைகளைப் பற்றியவை, ஏழு வயதுப் பையனைப் பற்றியவை அல்ல என்று நண்பர் சொல்வார். வாஸ்தவம். ஏழு வயதுப் பையன் திரையிலிருந்தும் கற்பான். ஆனால் கற்ற சொல்லை எங்கே கொண்டுபோய்ச் செலவழிப்பான்? செல்லாத காசைச் சேர்த்து உண்டியலை நிரப்பி என்ன பயன்?

விடுமுறைக்குப் பாட்டி ஊருக்குப் போய்த் தாயம் ஆடியவர்களுக்கும் பல்லாங்குழி ஆடியவர்களுக்கும் நான் சொல்வது சுலபமாக விளங்கும். தாயத்தில் என்ன சொல் இருக்கிறது? வெட்டு, பழம். பல்லாங்குழியில் குழியில் நான்கு முத்து சேர்ந்தால் பசு. விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் ஆட்டத்தைச் சுற்றி நடந்த சண்டை இருக்கிறதே! "அழுகுணி ஆட்டம் ஆடாதே", "நீ உருட்டினது தாயமே இல்லை, கட்டை சாய்ஞ்சு கிடக்கு", "போன ஆட்டத்துல மட்டும் ஒத்துக்கிட்டியா?" என்று வழக்குக்கு மேல் வழக்கு. சாட்சி, சத்தியம், சமாதானம், தீர்ப்பு என்று ஒரு கோர்ட்டுக்கு வேண்டிய மொழி முழுவதையும் அந்தத் திண்ணையில் கற்றோம். சொல் கட்டத்துக்குள் இல்லை. கட்டத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களிடம் இருந்தது. எதிரே இருப்பவளுக்குப் புரியவைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் காய் போய்விடும். அந்த நெருக்கடிதான் வாத்தியார்.

இயந்திரத்திடம் அந்த நெருக்கடி கிடையாது. தொட்டால் போதும். இப்போது பதில் பேசுகிற இயந்திரங்களும் வந்துவிட்டன, கேள்விகூடக் கேட்கின்றன. ஆனால் உங்கள் பிள்ளை சொல்லித்தான் அது தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஒன்றும் இல்லை. பாட்டிக்கு இருக்கிறது. அவருக்கு நிஜமாகவே தெரியாது. தெரியாதவருக்குச் சொல்லும்போதுதான் பிள்ளை சொல்லைத் தேடுகிறது.

"எங்களுக்கு நேரம் எங்கே ஐயா?" என்று கேட்பீர்கள். இரண்டு பேரும் ஏழு மணிக்கு வீடு திரும்பி, அடுப்பைப் பற்ற வைத்து, மறுநாள் சட்டைக்கு இஸ்திரி போடுகிற வீடுகளை நான் அறியாதவன் அல்ல; என் வீடும் அதில் ஒன்று. அரைமணி நேரம் வீட்டில் சத்தமில்லாமல் இருக்க வேண்டும் என்று பிள்ளையிடம் டேப்லட்டைக் கொடுத்தால் அது பாவமல்ல. ஓய்வு மனிதனுக்கு வேண்டியதுதான். ஆனால் அதற்கு ஓய்வு என்றே பெயர் வையுங்கள். கல்வி என்று பெயர் வைத்தால், கொடுத்த அரைமணி நேரத்தோடு பேச வேண்டிய அரைமணி நேரமும் கணக்குத் தீர்ந்ததாகிவிடுகிறது. 'இருபது சொல் கற்றுவிட்டான்' என்ற நிம்மதியில் சாப்பாட்டு மேஜையில் வாயை மூடிக்கொள்கிறோம். சந்தாப் பணத்தில் நாம் வாங்குவது சொல் அல்ல. நம்முடைய மௌனத்துக்கு ஒரு ரசீது.

நண்பரிடம் இவ்வளவையும் சொன்னேன். "அப்படியானால் விளையாட்டையே எடுத்துவிடச் சொல்கிறீர்களா?" என்று கோபமாகக் கேட்டார். இல்லை. உங்கள் தாயாரை அவன் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். யானை விளையாட்டுக்கு அல்ல, அவனுக்கே பிடித்த விளையாட்டுக்கு என்று சொல்லிவிட்டு வந்தேன். நண்பர் முகத்தில் சம்மதம் இல்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போனேன். சோபாவில் பாட்டியும் பேரனும். திரையில் மைன்கிராஃப்ட். பையன் குரல் வாசல்வரை கேட்டது.

"இது அப்ஸிடியன் பாட்டி. கறுப்புக் கல்லு. நெருப்புக் குழம்புல தண்ணியை விட்டா வரும்."

"நம்ம அம்மிக்கல்லு மாதிரியா?"

"அம்மின்னா என்ன?"

"அப்புறம் காட்டறேன், பரண்மேல கிடக்கு. இதை எப்படி வெட்டி எடுக்கறது?"

"வைரத்துல பிக்ஆக்ஸ் பண்ணணும். இதோ பாரு, நீளமாக் கட்டை, மேலே ரெண்டு பக்கமும் கூரா..."

"அட, குந்தாலி!" என்றார் பாட்டி. "கிணறு வெட்டறவங்க வச்சிருப்பாங்க. வைரத்துல குந்தாலியா? எங்க ஊர்ல இரும்புக் குந்தாலியே நாலு முனை மழுங்கியும் தண்ணி வரலை!"

"ஏன் வரலை? எவ்வளவு ஆழம் வெட்டினாங்க?" என்று பையன் விளையாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பி உட்கார்ந்தான்.

அன்றும் நான் வந்ததை அவன் பார்க்கவில்லை.