கிளம்பும்போது கார் உதறுதா? கிளட்ச்சை மாற்றும் முன் இதைப் பாருங்க!

அத்திப்பட்டு பக்கம் கார் ஓட்டுபவர்களுக்குத் தெரியும், காமராஜர் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நின்று நின்றுதான் நகர முடியும். அங்கே, கிளம்பும்போதே உதறி ஆஃப் ஆகிற பழைய கார் உயிருக்கே ஆபத்து.

அதற்காக, 'கிளட்ச் போயிடுச்சு' என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். கிளட்ச் பிளேட்டை மாற்ற கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். கூலியே கையைக் கடிக்கும். முதலில் உதறல் எப்போது வருகிறது என்று கவனியுங்கள்.

ஆளில்லாத சமதளத்தில் ஹேண்ட்பிரேக் போட்டு, நியூட்ரலில் ஆக்ஸிலரேட்டரை மெதுவாக மிதியுங்கள். இன்ஜின் திக்குகிறதா? அல்லது, கிளட்ச்சை முழுதாக விட்ட பிறகும், இரண்டாவது, மூன்றாவது கியரிலும் வெட்டி வெட்டி இழுக்கிறதா? அப்படியானால் சந்தேகம் பெட்ரோல் வரும் வழி மீதும் இக்னிஷன் மீதும்தான். ஸ்பார்க் பிளக், பிளக் வயர், ஏர் ஃபில்டர், ஃப்யூயல் ஃபில்டர் எனச் செலவு குறைந்ததில் இருந்து தொடங்குங்கள். கார்புரேட்டர் வைத்த பழைய மாருதி 800 என்றால், அதில் அடைப்பு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். புதிய மாடல்களில் த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்தாலே சில நேரம் சரியாகிவிடும்.

இன்ஜின் சீராக ஓடி, கிளட்ச்சை விடும் அந்த நொடியில் மட்டும் உதறினால், கிளட்ச் பிளேட் தேய்ந்திருக்கலாம், அதில் ஆயில் கசிந்திருக்கலாம். ஆனால், இன்ஜின் மவுண்டிங் ரப்பர் கிழிந்தாலும் இதே உதறல்தான் வரும். கியர்பாக்ஸை இறக்கும் முன், மெக்கானிக்கிடம் மவுண்டிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சரியாகும்வரை, லாரிக்கு முன்னால் இடைவெளி தேடி நுழையாதீர்கள். நெரிசலில் பாதி கிளட்ச்சிலேயே வண்டியை நிறுத்தி வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். பிளேட் சீக்கிரம் தேய்வது அதனால்தான்!